பழைய நம்பர்

கொஞ்சம் நீளமான இழை. இதுல மருத்துவம் இருக்கு, இன்டர்நெட் இருக்கு, நான் பண்ணின ஒரு தப்பும் இருக்கு. தப்புலேருந்தே ஆரம்பிக்கிறேன்.

2014 முதல் 2017 வரை டெல்டா பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்த்தேன். புதுசா வேலைக்குச் சேர்ந்த வேகம். சுகர் பேஷண்ட்ஸ், முக்கியமா இன்சுலின் போடுற வயசானவங்களுக்கு, ஓபி சீட்டுக்குப் பின்னாடி என் செல் நம்பரை எழுதிக் கொடுப்பேன். "ராத்திரி எதுன்னாலும் கூப்பிடுங்கம்மா." அவங்களும் அந்தச் சீட்டை பிளாஸ்டிக் கவர்ல போட்டு, ரேஷன் கார்டோட சேர்த்து மஞ்சப்பையில வெச்சுப்பாங்க. எத்தனை சீட்டுல எழுதியிருப்பேன்னு எனக்கே தெரியாது. நூறுக்கு மேல இருக்கும்.

2017-ல கவுன்சிலிங்ல இடமாற்றம் வந்து மேற்கே ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். அந்தச் சமயம் எல்லாரும் டேட்டா சும்மா கிடைக்குதுன்னு புது சிம் வாங்கிட்டிருந்தாங்க. நானும் வாங்கினேன். பழைய சிம்முக்கு ரீசார்ஜ் பண்ணல. நம்பரை மாத்தாமலே நெட்வொர்க் மாத்துற வசதி நாடு முழுக்க 2011-லேயே வந்தாச்சு. ஒரு எஸ்எம்எஸ் அனுப்பியிருந்தா போதும். சோம்பல். பழைய சிம்மை மேஜை டிராயர்ல போட்டுட்டு மறந்துட்டேன்.

2018 பிப்ரவரி. பழைய ஊர் கிராம செவிலியர் அக்கா போன் பண்ணினாங்க. அவங்ககிட்ட மட்டும் என் புது நம்பர் இருந்தது. "மேடம், நம்ம இன்சுலின் பாட்டி ஐசியூல இருக்காங்க"ன்னு சொன்னாங்க.

சிவராத்திரி அன்னிக்கு பாட்டி விரதம். சாப்பிடல. ஆனா இன்சுலினை மட்டும் வழக்கமான அளவுல போட்டுட்டாங்க. இந்தத் தப்பு எல்லா ஊர்லயும் நடக்கும். விரதம் இருந்தா இன்சுலின் அளவை மாத்தணும், அதை முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்கணும்னு நாங்க எத்தனை தடவை சொன்னாலும் நடக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல பாட்டிக்கு வேர்த்துக் கொட்டியிருக்கு, உளற ஆரம்பிச்சிருக்காங்க. மருமகள் சீட்டை எடுத்து என் நம்பருக்கு அடிச்சிருக்காங்க.

நாலு தடவை. ரெண்டு தடவை யாரோ ஒரு ஆம்பளை எடுத்து ராங் நம்பர்னு வெச்சுட்டார். அப்புறம் எடுக்கல. "டாக்டரம்மா வீட்டுக்காரர் தூக்கத்துல எடுத்துட்டார் போல, கொஞ்ச நேரம் கழிச்சு அடிக்கலாம்"னு காத்திருக்காங்க. எனக்கு அப்ப கல்யாணமே ஆகல. ஒரு மணிக்கு பாட்டிக்கு வலிப்பு வந்துருச்சு. பக்கத்து வீட்டுப் பையன்தான் 108-க்குப் போன் பண்ணினான். ஆஸ்பத்திரியில சர்க்கரை பார்த்தப்ப 31.

பாட்டி பிழைச்சுட்டாங்க. எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தாங்க. ஆனா அதுக்கப்புறம் பேரன்களோட பேரை மாத்தி மாத்திக் கூப்பிடுறாங்கன்னு அக்கா சொன்னாங்க. ரொம்ப நேரம் மூளைக்குச் சர்க்கரை போகலேன்னா அப்படி ஆகலாம். வயசாலயும் ஆகலாம். எதனாலன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. அதுதான் தொந்தரவே.

அக்கா என்னைக் குத்தமா ஒரு வார்த்தை சொல்லல. "உங்க நம்பருக்குத்தான் மேடம் அடிச்சிருக்காங்க"ன்னு மட்டும் சொன்னாங்க.

அன்னிக்கு சாயங்காலம் என் பழைய நம்பருக்கு நானே போன் பண்ணினேன். திருப்பூர்ல டைல்ஸ் ஒட்டுற வேலை பார்க்கிற ஒரு தம்பி எடுத்தார். நான் யாருன்னு சொன்னதும் மூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். "மேடம், நீங்கதானா அது! ஆறேழு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல மேடம். சுகர் முன்னூறு இருக்கு, மாத்திரை தீந்துருச்சு, ஊசி எடுத்த இடம் வீங்கிருச்சுன்னு ஒரே போன். ராங் நம்பர்னு சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. ஒரு பெரியவர் விடவே இல்ல, சோத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்கய்யான்னு நானே சொல்லிட்டேன்."

அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உங்க பேங்க் மெசேஜும் இங்கதான் மேடம் வருது. மினிமம் பேலன்ஸ் இல்லைன்னு காசு பிடிச்சிருக்கான்."

நல்ல மனுஷன் கையில சிக்கினதால பணம் தப்பிச்சது. பாட்டி விஷயத்தை அவர்கிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். சொல்லல. அவர் மேல என்ன தப்பு? நாள் முழுக்க முட்டி போட்டு வேலை செஞ்சுட்டு வந்து படுத்தவர், ராத்திரி பதினொன்றரைக்கு ராங் நம்பர்னு வைக்கத்தான் செய்வார்.

ஒரு விஷயம் அப்பத்தான் உறைச்சது. உங்க செல் நம்பர் உங்களோடது இல்ல. பயன்படுத்தாம 90 நாள் கிடந்தா துண்டிக்கலாம். துண்டிச்ச பிறகு குறைஞ்சது 90 நாள் சும்மா வெச்சிருந்துட்டு இன்னொருத்தருக்குக் கொடுத்துடுவாங்க. 2023-ல சுப்ரீம் கோர்ட்ல இந்த விஷயம் வந்தப்ப டிராயே இதைச் சொல்லுச்சு. அதாவது மறுசுழற்சிங்கிறது தவறி நடக்கிற விஷயம் இல்ல, ஏற்பாடே அப்படித்தான். நம்பர்கள் ஒரு அளவுக்குத்தான் இருக்கு, வேற வழியும் இல்ல. நாமதான் அதைக் கல்வெட்டு மாதிரி நினைச்சு கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, ஓபி சீட்டு எல்லாத்துலயும் எழுதிடுறோம்.

அதே 2018 தொடக்கத்துல ஒரு பெரிய நெட்வொர்க் கடையை மூடினதும் ஞாபகம் இருக்கும். பாதி ஊருக்கு சிக்னல் போச்சு. போர்ட் பண்ணக் கடைக்குக் கடை வரிசை. எங்க ஓபியில "போன் போட்டோம் போகல டாக்டர்"னு சொல்லாத ஆளே இல்ல.

சென்னையில கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் அத்தை பையன்கிட்ட புலம்பினேன். அவன் ஒரே வரியில சொன்னான்: "அக்கா, நம்பரைக் கொடுக்காதீங்க. பேரைக் கொடுங்க."

அவன் சொன்னது டொமைன் பேரு. என் பேர் டாட் காம்னு ஒண்ணு வாங்கி வெச்சுக்கிட்டா, சீட்டுல அதை மட்டும் எழுதலாம். பின்னாடி நம்பர் மாறட்டும், ஊர் மாறட்டும், ஆஸ்பத்திரி மாறட்டும். அந்தப் பேர்ல போய்ப் பார்த்தா இன்னிக்கு நிலவரம் இருக்கும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு ஆஸ்பத்திரி பாஷையில சொல்றேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு வர்ற பேஷண்டுக்கு டாக்டரோட ரூம் நம்பர் தெரியாது. பேர்தான் தெரியும். சீட்டுப் பதியுற இடத்துல "சுகர் டாக்டரம்மா எங்க?"ன்னு கேட்பாங்க. "இன்னிக்கு ஏழாம் நம்பர் ரூம்"னு பதில் வரும். நாளைக்கு ரூம் மாறினா அந்த ஒரு இடத்துல மாத்தி எழுதினாப் போதும். ஆயிரம் பேஷண்ட்கிட்ட போய்ச் சொல்ல வேண்டாம். இன்டர்நெட்டுக்கு அந்தச் சீட்டுப் பதியுற இடம்தான் டிஎன்எஸ். நீங்க பேரைச் சொன்னா அது இடத்தைச் சொல்லும். கேட்ட பதிலை எவ்வளவு நேரத்துக்கு ஞாபகம் வெச்சிருக்கலாம், எப்ப திரும்பக் கேட்கணும்ங்கிறதையும் நாமளே நிர்ணயிக்கலாம். அஞ்சு நிமிஷம்னும் வைக்கலாம், ஒரு நாள்னும் வைக்கலாம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னாடி இருக்கிற கதையைப் படிச்சப்ப எனக்குப் பிடிச்சுப்போன ஒரு ஆள் எலிசபெத் ஃபைன்லர். அமெரிக்காவுல உயிர்வேதியியல் படிச்ச பெண். எம்பிபிஎஸ் முதல் வருஷம் பயோகெமிஸ்ட்ரில நாம பட்ட பாடு தெரியும்ல, அதே பாடம்தான். அவங்க 1970-கள்ல இன்டர்நெட்டோட பாட்டியான ஆர்பாநெட்டுக்கு விவர மையம் நடத்தினாங்க, கலிஃபோர்னியாவுல. அந்த நெட்வொர்க்ல இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரோட பேரும் ஒரே ஒரு பட்டியல்ல இருக்கும். புதுசா பேர் வேணும்னா அந்த மையத்தைத் தொடர்புகொண்டு பதிஞ்சுக்கணும். யார் யார் இந்த நெட்வொர்க்ல இருக்காங்க, அவங்க விலாசம் என்ன, போன் என்னன்னு அச்சுப் புத்தகமாவே போட்டாங்க. டெலிபோன் டைரக்டரி மாதிரி.

பட்டியல் பெருத்துக்கிட்டே போச்சு. ஒரே இடத்துல வெச்சு சமாளிக்க முடியல. 1983-ல பால் மோக்கபெட்ரிஸ்ங்கிறவர் டிஎன்எஸ்ஸை வடிவமைச்சார். ஒவ்வொரு பேருக்கும் அவங்கவங்களே பதிவேடு வெச்சுக்கலாம்னு பிரிச்சுக் கொடுத்துட்டார். ஆனா ஆட்களோட தொடர்பு விவரம் மட்டும் ஹூஈஸ்ங்கிற பேர்ல பொதுவாவே தொடர்ந்துச்சு. யார் வேணா கேட்கலாம், இந்தப் பேர் யாரோடதுன்னு. பேர், விலாசம், போன், மெயில் எல்லாம் வரும். அந்தக் காலத்துல ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச கூட்டம். ஊர்ல வீட்டுக் கதவைத் திறந்தே போட்டிருப்போமே, அந்த மாதிரி.

இந்தக் கதையை நான் டொமைன் வாங்குறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும்.

2018 மார்ச். ராத்திரி டியூட்டி முடிச்சு வந்து ஆர்வக்கோளாறுல டொமைன் வாங்கினேன். படிவத்துல பேர், வீட்டு விலாசம், செல் நம்பர் கேட்டாங்க. அரசு வேலைக்காரி இல்லையா, படிவம்னா உண்மையைத்தான் நிரப்புவேன். கடைசியில "தனியுரிமைப் பாதுகாப்பு வேணுமா"ன்னு வருஷத்துக்குக் கூடுதலா ஒரு தொகை கேட்டாங்க. ஏதோ காசு பிடுங்குறாங்கன்னு அந்த டிக்கை எடுத்துட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணியிலேருந்து போன். "மேடம், புது வெப்சைட் ஆரம்பிச்சிருக்கீங்க, டிசைன் பண்ணித் தர்றோம்." "லோகோ ஃப்ரீ மேடம்." ஹிந்தியில ரெண்டு பேர். ஓபியில 140 பேர் நிக்கிறாங்க, போன் நிக்கல. மூணாம் நாள் ராத்திரி யாரோ வாட்ஸப்ல குட் நைட் அனுப்பினார். என் பேர் சொல்லி. தெருப் பேரும் சொல்லி, "நானும் அந்தப் பக்கம்தான்"னு. அன்னிக்குத்தான் பயந்தேன். பேஷண்ட்ஸுக்கு நம்பர் கிடைக்கணும்னு ஆரம்பிச்ச வேலை, முன்பின் தெரியாதவனுக்கு என் வீட்டு வாசலைக் காட்டிக் கொடுத்துருச்சு.

அந்தப் பதிவேட்டை எடுத்து வித்துப் பிழைக்கவே ஆட்கள் இருக்காங்க. தனியுரிமைக்குக் காசு கட்டி விவரத்தை மறைச்சேன். ஆனா அதுக்குள்ள எடுத்தவங்க எடுத்தாச்சு. ரெண்டே மாசத்துல, 2018 மே 25-ல ஐரோப்பாவுல புதுத் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. அதுக்குப் பயந்து டாட் காம் மாதிரி டொமைன்கள்ல தனி ஆட்களோட விவரத்தைப் பொதுப் பார்வையிலேருந்து பெரும்பாலும் மறைச்சுட்டாங்க. ரெண்டு மாசம் பொறுத்திருந்தா எனக்கு இந்தக் கதையே இல்ல. போகட்டும். இப்ப வாங்குறவங்களுக்கு நிலைமை பரவாயில்ல. ஆனாலும் வாங்கின அன்னிக்கே உங்க பேரை நீங்களே ஒரு ஹூஈஸ் தேடல்ல போட்டுப் பாருங்க, என்ன தெரியுதுன்னு. அதுக்கு ஒரு நிமிஷம்தான் ஆகும்.

பொய் விலாசம் கொடுக்கலாமேன்னு கேட்பீங்க. வேண்டாம். தப்பான விவரம் கொடுத்தா டொமைனையே முடக்க விதி இருக்கு. பதிவாளர்கிட்ட உண்மையைக் கொடுங்க, ஊருக்குக் காட்டுறதை மறைங்க. நம்ம கேஸ் ஷீட் மாதிரிதான். உள்ள எல்லாம் இருக்கும், கட்டில்ல தொங்குற அட்டையில எல்லாம் எழுத மாட்டோம்.

இந்த யோசனை எனக்கோ அத்தை பையனுக்கோ முதல்ல வந்தது இல்ல. தனி ஆட்களுக்குன்னே டாட் நேம்னு ஒரு வால் 2000-களின் தொடக்கத்துலேயே வந்தது. அதைவிட சுவாரசியமானது டாட் டெல். 2009 மார்ச்ல பொதுமக்களுக்குத் திறந்தாங்க. அதுல வெப்சைட் கட்டவே அனுமதி இல்ல. போன் நம்பர், மெயில், விலாசம் இதையெல்லாம் நேரா டிஎன்எஸ் பதிவேட்டுக்குள்ளேயே எழுதி வெச்சுடுவாங்க. பேரைக் கேட்டா ரூம் நம்பருக்குப் பதிலா, சீட்டு எழுதுறவரே "அவங்க நம்பர் இது, மெயில் இது"ன்னு சொல்ற மாதிரி. சைட் வேண்டாம், சர்வர் வேண்டாம், டிசைனர் வேண்டாம். உலகத்துக்கே ஒரு உயிருள்ள விசிட்டிங் கார்டு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச யோசனை அது. எடுபடல. 2017-ல அந்தக் கட்டுப்பாட்டை விட்டுட்டு, மத்த டொமைன் மாதிரி யார் வேணா வெப்சைட் போட்டுக்கலாம்னு ஆக்கிட்டாங்க. ஏன் எடுபடலைன்னு எனக்கு ஒரு கருத்து இருக்கு. அதே 2009-லதான் வாட்ஸப் வந்தது. செல் நம்பரே ஆளோட அடையாளமா மாற ஆரம்பிச்ச வருஷம். மிஸ்டு கால் கொடு, சேவ் பண்ணிக்கிறேன், முடிஞ்சது. பேரைப் பதிஞ்சு வருஷா வருஷம் காசு கட்ட யார் வருவா? வசதிங்கிறது அந்தப் பக்கம் போயிடுச்சு. அந்த வசதியோட விலை என்னன்னு நம்பர் போன அன்னிக்குத்தான் தெரியும்.

சரி, என் பக்கத்துக்கு வர்றேன். ஒரே ஒரு பக்கம்தான். படம் கிடையாது, ஸ்டெத்தோட சிரிக்கிற போட்டோ கிடையாது. பழைய போன்லயும் திறக்கணும், ஒரு கோடு சிக்னல்லயும் திறக்கணும்.

முதல் வரியில என்ன போடலாம்னு ரெண்டு நாள் யோசிச்சேன். என் நம்பரைப் போடல. பெரிய எழுத்துல: "உயிர் போற அவசரமா? எனக்குப் போன் பண்ணாதீங்க. 108." அதுக்குக் கீழ: "சுகர் பேஷண்டுக்கு வேர்க்குதா, நடுங்குதா, உளர்றாங்களா? முழிச்சிருந்து முழுங்க முடிஞ்சா உடனே மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலந்து கொடுங்க. மயக்கமா இருந்தா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108." சர்க்கரை 70-க்குக் கீழ போனாலே இது அவசரம்தான். இழையில வேற எதை விட்டாலும் இந்த வரியை விடாதீங்க மக்களே.

உண்மையைச் சொன்னா, சிவராத்திரி அன்னிக்கு என் பழைய நம்பர் உயிரோட இருந்திருந்தாலும் நான் சொல்லியிருக்கப் போறது இந்த ரெண்டு வரிதான். நான் தூங்கியிருந்தா அதுவும் இல்ல. "எதுன்னாலும் எனக்குக் கூப்பிடுங்க"ன்னு எழுதிக் கொடுத்ததுல சேவை மனப்பான்மை இருந்துச்சு. கொஞ்சம் பெருமையும் இருந்துச்சு. 108-ன்னு எழுதியிருக்கணும்.

அதுக்குக் கீழ நான் இப்ப எந்த ஊர் ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை சுகர் ஓபி, லீவுன்னா எப்ப திரும்ப வருவேன். பிறகு, மெசேஜ் மட்டும் அனுப்ப ஒரு நம்பர். அது தனி சிம், தனி போன். ராத்திரி எட்டு மணிக்கு அணைச்சிடுவேன்னும் எழுதியிருக்கேன். பொது மருத்துவ ஆலோசனைக்கு 104. மனசு சரியில்லைன்னா டெலி மானஸ் 14416. என் சொந்த நம்பர், வீட்டு விலாசம், பிறந்த தேதி எதுவும் இல்ல.

சீட்டுல இப்ப கையால எழுதுறதில்ல. ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டுறேன். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, கடை வெச்சிருக்கிறவங்க கவனிங்க. க்யூஆருக்குள்ள போன் நம்பரை நேரா வெச்சா, நம்பர் மாறினா ஸ்டிக்கர் அத்தனையும் குப்பை. டொமைன் விலாசத்தை வெச்சா ஸ்டிக்கர் அப்படியே இருக்கும், பின்னாடி இருக்கிறது மட்டும் மாறும். சில இலவச க்யூஆர் ஆப்கள் தன்னோட விலாசத்தை உள்ள நுழைச்சுட்டு, கொஞ்ச நாள் கழிச்சு காசு கட்டுன்னு நிறுத்திடும். ஸ்கேன் பண்ணிப் பார்த்துட்டு அச்சடிக்கக் கொடுங்க.

போன்ல படிக்கத் தெரியாத பாட்டி என்ன செய்வாங்கன்னு கேட்டா, நியாயமான கேள்வி. அவங்களுக்கு இது நேரா உதவாது. பேரன் ஸ்கேன் பண்ணுவான், இல்ல மெடிக்கல் ஷாப் தம்பி பண்ணுவார். அதனாலதான் ஸ்டிக்கர்லேயே 108-ஐக் கொட்டை எழுத்துல அச்சடிச்சேன். படிக்கத் தெரியாதவங்களும் அந்த மூணு எண்ணை வேன்ல பார்த்திருப்பாங்க.

இதெல்லாம் விளம்பரம் ஆகாதான்னு சக டாக்டர்கள் கேட்டாங்க. 2002 மருத்துவ நெறிமுறை விதிகள்ல விளம்பரம் கூடாதுன்னு தெளிவாவே இருக்கு. அதே இடத்துல, இடம் மாறினா, லீவுல போனா, திரும்ப வேலைக்கு வந்தா பத்திரிகையில முறையா அறிவிக்கலாம்னும் இருக்கு. நான் அந்த எல்லையைத்தான் அளவுகோலா வெச்சுக்கிட்டேன். "சிறந்த", "முன்னணி" மாதிரி வார்த்தை ஒண்ணும் கிடையாது. பேஷண்ட் பாராட்டுக் கடிதம் கிடையாது.

இப்ப எச்சரிக்கை. நான் பண்ணின பழைய தப்பு இங்கேயும் வேற உருவத்துல காத்துட்டு இருக்கு.

டொமைனும் வாடகைதான், சொந்தம் இல்ல. வருஷா வருஷம் காசு கட்டணும். முதல் வருஷம் 99 ரூபாய்ன்னு இழுப்பாங்க, ரெண்டாம் வருஷம் பல மடங்கு வரும். வாங்குறப்பவே புதுப்பிக்கிற தொகையைப் பாருங்க. கட்ட மறந்தா சில வாரம் தவணை, அப்புறம் கூடுதல் அபராதத்தோட மீட்க 30 நாள், அப்புறம் அஞ்சு நாள், அதோட சந்தைக்கு வந்துடும். செல் நம்பர் போச்சுன்னா அது ஒரு டைல்ஸ் தம்பிக்குப் போகும். டொமைன் போச்சுன்னா சூதாட்ட சைட்காரன் கைக்குப் போகும். ஏன்னா பழைய சீட்டு, பழைய லிங்க் எல்லாம் அங்கதான் ஆளைக் கொண்டு போய்ச் சேர்க்கும், அவனுக்கு அதுதான் வேணும். டாக்டர் பேரைத் தட்டினா ரம்மி வரும்.

பெரிய பெரிய கம்பெனியே இதுல வழுக்கியிருக்கு. 1999 கிறிஸ்துமஸ் சமயத்துல மைக்ரோசாஃப்ட் தன்னோட பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்க மறந்துருச்சு. ஹாட்மெயில் தகராறு பண்ணுச்சு. கடைசியில சம்பந்தமே இல்லாத ஒரு லினக்ஸ் புரோகிராமர் தன் கார்டுல 35 டாலர் கட்டிச் சரி பண்ணினார். என் டொமைனுக்கு அப்படி ஒரு புண்ணியவான் வர மாட்டார். அதனால அஞ்சு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டியிருக்கேன், தானா புதுப்பிக்கிற வசதியும் போட்டிருக்கேன். ரெண்டையும் நம்பாம தங்கச்சி காலண்டர்லயும் குறிச்சு வெச்சிருக்கேன்.

"உங்க டொமைன் காலாவதி ஆகுது, உடனே இந்த லிங்க்ல கட்டுங்க"ன்னு போலி மெயில் வரும். அசல் மாதிரியே இருக்கும். மெயில்ல இருக்கிற லிங்க்கைத் தொடாம, வாங்கின இடத்துக்கு நேரா போய்ப் பாருங்க. தெரியாம பணம் போயிட்டா 1930-க்கு உடனே அடிங்க.

என் பேட்ச்மேட் ஒருத்தர் கிளினிக்குக்கு சைட் பண்ணித் தந்த தம்பி, டொமைனைத் தன் பேர்லயே பதிஞ்சுட்டார். திருட்டு எண்ணம் எல்லாம் இல்ல, அவசரத்துல. ரெண்டு வருஷம் கழிச்சு அந்தத் தம்பி வெளிநாடு போயிட்டார், மெயிலுக்குப் பதில் இல்ல. கிளினிக் போர்டுல, லெட்டர்பேடுல, மருந்துச் சீட்டுல எல்லாம் அச்சடிச்ச பேரு, அவர் கையில இல்ல. கடைசியில புதுப் பேர் வாங்கி எல்லாத்தையும் மாத்தி அச்சடிச்சார். யார் வேணா கட்டித் தரட்டும், பதிவு உங்க பேர்ல, உங்க மெயில்ல, உங்க கார்டுல இருக்கணும்.

நான் மாட்ட இருந்த இன்னொண்ணு. டொமைன் இருந்தா அதே பேர்ல மெயிலும் வெச்சுக்கலாம். சந்தோஷத்துல, டொமைன் கணக்குக்கான மெயிலையே அந்த டொமைன் மெயிலா மாத்தப் போனேன். அத்தை பையன் கத்தினான். டொமைன் நின்னா மெயிலும் நிக்கும், மெயில் நின்னா டொமைனை மீட்கவே முடியாது. பீரோ சாவியை பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டுற கதை. அந்தக் கணக்குக்கு மட்டும் வெளி மெயில் கொடுங்க, ரெண்டடுக்குப் பூட்டும் போடுங்க.

ஆனா அந்த மெயில்ல ஒரு குட்டி சந்தோஷம் இருக்கு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு முகவரி கொடுக்கலாம். பேங்க்குக்கு ஒண்ணு, கான்ஃபரன்ஸுக்கு ஒண்ணு, நகைக்கடைக்கு ஒண்ணு. எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வரும். எந்த முகவரிக்குக் குப்பை வர ஆரம்பிக்குதோ அவங்கதான் வித்திருக்காங்கன்னு தெரிஞ்சுடும், அதை மட்டும் மூடிடலாம். எனக்கு ஒரு மருத்துவக் கருத்தரங்கு முகவரியிலேருந்து மனை விளம்பரம் வருது. டாக்டர்னா மனை வாங்குவாங்கன்னு யாரோ முடிவு பண்ணியிருக்காங்க. சம்பளச் சீட்டைப் பார்த்ததில்ல போல.

எல்லாரும் டொமைன் வாங்கணும்னு சொல்லல. உங்க நம்பரை நம்பி நாலு பேர் இருந்தா யோசிங்க. டியூஷன் டீச்சர், பிளம்பர், சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறவங்க, பிசியோதெரபி வீட்டுக்கு வந்து செய்யுறவங்க. வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் பக்கம்தான் ஆகும். மத்தவங்க இதையாவது பண்ணுங்க: பழைய சிம்மைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி பேங்க், ஆதார், கேஸ், பிஎஃப் எல்லாத்துலயும் நம்பர் மாத்துங்க. ஓடிபி போற நம்பர் யார் கையில இருக்கோ அவர் கையிலதான் உங்க பணம் இருக்கு.

டைல்ஸ் தம்பியைப் பத்திச் சொல்லிட்டு முடிக்கிறேன். பக்கம் தயாரானதும் முதல்ல அவருக்குத்தான் அனுப்பினேன். பழைய ஊர்ப் பேஷண்ட்ஸ் அவருக்குத்தானே இன்னமும் அடிப்பாங்க. "இனிமே யார் கேட்டாலும் இந்தப் பேரைச் சொல்லிடுங்க தம்பி, அவசரம்னா 108 சொல்லுங்க." சரிங்க மேடம்னார். கிராம செவிலியர் அக்காவும் வீடு வீடா போறப்ப பழைய சீட்டுல என் நம்பரை அடிச்சுட்டு ஸ்டிக்கர் ஒட்டினாங்க. கிடைச்ச சீட்டுக்கு ஒட்டினாங்க. மஞ்சப்பைக்குள்ள இன்னும் எத்தனை இருக்கோ.

போன தீபாவளிக்கு அவர் கூப்பிட்டார். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு போன் இப்பவும் வருதாம். நம்பரை மாத்திக்கோங்களேன் தம்பி, நான் செலவைப் பார்த்துக்கிறேன்னு சொன்னேன்.

"வேண்டாம் மேடம். இத்தனை வருஷம் ஆச்சு, என் கஸ்டமர் எல்லார்கிட்டயும் இந்த நம்பர்தான் இருக்கு."